‘சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்!’ - பாம்பன் காற்றில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை நம்பி வாங்கலாமா?

‘சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன், எடுத்ததும் ஓட்டலாம்...’

பழைய கார் விற்பனை விளம்பரங்களை மொபைலில் தள்ளிக்கொண்டே போனால், இந்த வரி இல்லாத விளம்பரம் அநேகமாகக் கண்ணில் படாது. கூடவே நாலு போட்டோ. பளபளக்கும் சிவப்பு பெயின்ட், முகம் பார்க்கலாம் போன்ற க்ரோம் பம்பர், வட்டமான ஹெட்லைட், பின்னால் நீலக் கடல். பார்த்த மாத்திரத்தில் மனசு சாவியைத் தேட ஆரம்பித்துவிடும்.

அந்த நீலக் கடல்தான் சிக்கலே!

மதுரையிலோ கோவையிலோ நின்ற வண்டியைப் பார்க்கிற கண்ணால், ராமநாதபுரம் - ராமேஸ்வரம் கடற்கரையில் நின்ற வண்டியைப் பார்க்க முடியாது. ஐம்பது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே முதல் கேள்வி, ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?’ என்பதல்ல, ‘ராத்திரியில் எங்கே நின்றது?’ என்பதுதான்.

வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும் இது முக்கியம். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஆசையாக வாங்கிய வண்டி. அவருக்குப் பிறகு ஓட்ட ஆளில்லை, பிள்ளைகள் வெளியூரில். உண்மையிலேயே கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாலும், ‘கடற்கரை வண்டியா, துருப்பிடிச்சிருக்கும்’ என்று பழைய இரும்பு விலைக்குக் கேட்டுக்கொண்டு ஆள் வரும். இன்னொரு பக்கம், துருவைப் பெயின்ட்டால் மூடி நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிற ஆளும் உண்டு. போட்டோவில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசமே தெரியாது.

பாலத்தைக் கேளுங்கள், அது சொல்லும்!

இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகத் திறந்து வழிவிடும் அந்தத் தூக்குப் பகுதியைப் பார்க்க ஊரே கூடும். நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பாலம் நின்றதற்குக் காரணம், அது துருப்பிடிக்காத பாலம் என்பதல்ல. பிடிக்கப் பிடிக்கச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பாழான பாகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தூக்குப் பகுதியில் அரிப்பு மோசமாகி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. உலகத்தில் இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடங்களில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தது பாம்பன்தான் என்று ரயில்வே வட்டாரத்தில் அடிக்கடி சொல்வார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகள், பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு என்று இத்தனை ஏற்பாடு செய்ததும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை நம் பக்கத்தில் ‘சிக்ரி’ என்பார்கள். உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அவை எவ்வளவு கரைகின்றன என்று சோதிக்க அவர்கள் பிடித்த இடம் மண்டபம். ஆராய்ச்சிக்காரர்களே அரிப்பைத் தேடி வருகிற ஊரில் ஒரு கார் ஐம்பது வருஷம் நின்றிருக்கிறது என்றால் சும்மாவா?

அப்படி என்ன நடக்கிறது? அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மூடி சரியாக இல்லாவிட்டால், யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு நசநசவென்று ஆகிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடப் பேராசைக்காரன். அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே உறிஞ்சும். அலை உடைந்து தெறிக்கும் நுண் துளிகள் காற்றில் வந்து காரின் மேலும் அடியிலும் படிகின்றன. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். இரவானால் அதுவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் தகடு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்தபடி நிற்கிறது. துருப்பிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றில் இருக்கும் உப்பு வேகமாகக் குறையும். பாம்பனில் கடலைப் பார்த்தபடி நின்ற காரும், ராமநாதபுரம் டவுனுக்குள் ஓட்டு ஷெட்டில் நின்ற காரும் ஒன்றல்ல. இரண்டுமே ‘ராம்நாடு வண்டி’ என்ற பெயரில்தான் விற்பனைக்கு வரும். அதனால்தான் ஆர்.சி.யில் இருக்கும் விலாசத்தோடு நிற்காமல், வண்டி உண்மையில் நின்ற இடத்தையே போய்ப் பார்ப்பது நல்லது. அந்த வீட்டு ஜன்னல் கம்பியையும் கேட் கீலையும் பாருங்கள். அவை இருக்கும் லட்சணமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்குக் காரை ஓட்டிக்கொண்டே போகும் வழி, 1988 அக்டோபர் 2-ம் தேதி இந்திரா காந்தி சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்து வைத்த பிறகுதான் வந்தது. அதற்கு முன் ரயிலிலோ படகிலோ ஏற்றித்தான் வண்டியைக் கொண்டுபோக முடியும். ‘1965-லிருந்து ராமேஸ்வரத்திலேயே ஓடிய வண்டி’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எப்படி வந்தது என்ற கதையையும் கேட்டு வையுங்கள். பெட்டியில் பழைய ரசீது ஏதாவது கிடைத்தால் வண்டியின் மதிப்பே கூடும்.

மெட்ராஸில் பிறந்த சொந்தக்காரன்

சரி, தமிழ்நாட்டில் ‘பழைய ஸ்போர்ட்ஸ் கார்’ என்று எது விற்பனைக்கு வரும்?

வெளிநாட்டு கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலம் அது. இந்தியர்களுக்கு வாய்த்தது மூன்றே பெயர்கள்தான். கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் மெட்ராஸிலிருந்து ஸ்டாண்டர்டு. எம்.ஜி., ட்ரையம்ப் மாதிரியான அசல் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வசதியானவர்கள் வீட்டில் இருந்தன. மற்றவர்களுக்கு, கொஞ்சம் ஸ்டைலாகப் போக வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா? கறாராகச் சொன்னால் இல்லை. அது இரண்டு கதவு வைத்த குடும்பக் கார். 948 சி.சி. இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு பெரிய பைக்கே அதைவிட அதிகம் தரும். ஆனால், ஸ்போர்ட்ஸ் காரின் ரத்த சொந்தம் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தச் சொந்தம் எப்படி வந்தது என்பதே சுவாரஸ்யம்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் நிறுவனம் 1950-களின் இறுதியில் ஒரு புதிய சிறிய கார் செய்ய நினைத்தது. அப்போது மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியும் சேஸிஸும் ஒரே கூடாக இருக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு அப்படி முழுக் கூடு செய்து கொடுக்க ஆள் இல்லை; பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய பாணியில் தனி சேஸிஸ் போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து டிசைனர் ஜியோவானி மிச்செலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு பிறந்தது.

கையாலாகாமல் செய்த அந்தத் தனி சேஸிஸே பிறகு வரமாகிவிட்டது. அதையே கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு சீட் பாடி வைத்தார்கள். அதற்கும் டிசைன் மிச்செலோட்டிதான். 1962-ல் வந்த அந்த கார்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்! 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. உலகம் முழுக்க இன்றைக்கும் அதிகம் கைமாறும் பிரிட்டிஷ் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்களில் அது ஒன்று.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1961-ல் மெட்ராஸுக்கு வந்தது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. பிறகு மார்க் டூ, அதற்குப் பிறகு இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்த மார்க் த்ரீ. 1970-களில் அதன் வாரிசாக ‘கெஸல்’. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் சீறிக்கொண்டு ஓடின. பந்தயம் பார்க்கப் போன அப்பாக்களைக் கேட்டால் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஓட்டியவர்கள் மறக்காத விஷயம், அது திரும்புகிற அழகு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். குறுகலான கீழக்கரைத் தெருவில் இன்றைய கார்கள் முன்னும் பின்னும் நாலு முறை போய் வரும் இடத்தில் ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பும். இன்னொன்று அதன் பானெட். மூக்கு, ஹெட்லைட், இரண்டு பக்க மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். இன்ஜின் மொத்தமும் கண் முன்னால். மெக்கானிக் முன் டயர் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

பெயின்ட்டை விடுங்க... படுத்துப் பாருங்க!

உப்புக்காற்று ஊரில் இந்தக் கார் விற்பனைக்கு வந்தால் எப்படிப் பார்ப்பது? ஒரு பழைய பாய், டார்ச், சின்னக் காந்தம், திருப்புளி. இவ்வளவு போதும். விற்பவரிடம் கேட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட வேண்டியதுதான். ‘எதுக்கு சார் அடியில எல்லாம்?’ என்று விற்பவர் நெளிந்தால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஹெரால்டின் சேஸிஸ் நடுவே முதுகெலும்பு மாதிரி ஓடும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் மாதிரி நீளும் இரும்புப் பெட்டிகளை அவுட்ரிகர் என்பார்கள். பாடியின் ஓரங்கள் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் குடும்பத்துக் கார்களில் துரு முதலில் குடியேறும் இடம் அதுதான். பெட்டி உள்ளே காலி; டயர் வாரி அடிக்கும் உப்பும் மண்ணும் உள்ளே போய்த் தங்கும், வெளியே வராது. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வரும். மேலே கறுப்பு பெயின்ட் புதுசாக மின்னலாம். திருப்புளியின் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு. ‘பொத்’ என்று கேட்டால் இரும்பு இருந்த இடம்!

அவுட்ரிகர் போனால் வண்டியே போயிற்று என்று பயப்பட வேண்டாம். தனியாக வெட்டி, புதிதாக வெல்டு வைக்கலாம். நடு முதுகெலும்பில், அதுவும் பின் ஆக்ஸிலைத் தாங்கும் இடத்திலும் முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலும் ஓட்டை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அது பெரிய வேலை. பாடியையே கழற்றி எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

ஒருவேளை விற்பனைக்கு வந்திருப்பது அசல் ஸ்பிட்ஃபயர் என்றால் கணக்கு மாறும். அதன் சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பகுதியே பலத்தைத் தாங்குகிறது. ஹெரால்டில் சில் துருப்பிடித்தால் அசிங்கம். ஸ்பிட்ஃபயரில் சில் துருப்பிடித்தால் ஆபத்து. கதவைத் திறந்து மூடும்போது இடித்துக்கொண்டு மாட்டினால், நடுவில் வண்டி தொய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அம்பாசடர், ஃபியட் மாதிரி ஒரே கூடாகச் செய்த கார்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்து பாடி. கதவின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், கால் மிதியடிக்குக் கீழே தரை, மட்கார்டின் உள் வளைவு. இந்த நாலு இடத்திலும் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. டிங்கரிங் வேலை நடந்ததே தப்பு என்றில்லை. அறுபது வயசு வண்டியில் கொஞ்சம் பட்டி இருக்கத்தான் செய்யும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு அடித்த பட்டியா, துருவின் மேலேயே அப்பிய பட்டியா என்பதுதான் கேள்வி. துரு தகட்டைவிட அதிக இடம் அடைக்கும். மேலே மூடினால் உள்ளே வீங்கி, ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகாத கடற்கரை வண்டியைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்பது நல்லது. பழைய, மங்கிய பெயின்ட் பொய் சொல்லாது.

கிரீஸ் வைத்ததே தப்பு!

இந்தக் காரில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு பாகம் இருக்கிறது. முன் சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே ‘ட்ரன்னியன்’ என்ற வெண்கலப் பாகம். அதன் உள்ளே மரை போட்ட இரும்புத் தண்டு இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான ஆயில்தான் போட வேண்டும். ஆயில் மரைக்குள் முழுக்கப் பரவி ஈரத்தை வெளியே தள்ளும். கிரீஸ் ஓர் இடத்தில் கட்டியாக நின்றுவிடும். மிச்ச இடத்தில் தண்ணீர் புகுந்து தண்டை அரிக்கும்.

விஷயம் தெரியாமல், கிரீஸ் நிப்பிள் போட இடம் இருக்கிறதே என்று காலம் காலமாக அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தியவர்கள் உலகம் முழுக்க உண்டு. மெதுவாக அரித்துக்கொண்டே வந்து ஒருநாள் தண்டு முறியும். முறிந்தால் முன் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஈரம் உள்ள ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே டெக்னிக்கல் கேள்வி இதுதான். ‘ட்ரன்னியனுக்கு என்ன போடுறீங்க?’ ‘ஆயில்’ என்று யோசிக்காமல் பதில் வந்தால், அந்த வண்டியை உண்மையிலேயே யாரோ கவனித்திருக்கிறார்கள். ‘அது என்னது?’ என்று பதில் வந்தாலும் வண்டி மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் தவறே இல்லை.

பின் சக்கரத்துக்கும் ஒரு வார்த்தை. ஹெரால்டிலும் ஆரம்ப கால ஸ்பிட்ஃபயரிலும் பின் ஆக்ஸில் பறவைச் சிறகு மாதிரி மேலும் கீழும் மடங்கும். வளைவில் வேகமாகப் போய், பாதியில் பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் உள்பக்கம் மடிந்து பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் சாவியைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பிரேக் பைப்புகள் இரும்பு என்றால் துருவைப் பார்த்துவிட்டு மாற்றிவிடலாம். செம்பும் நிக்கலும் கலந்த பைப் போட்டால் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஹெட்லைட் மினுக்கும், ஹாரன் அடிக்காது. இவை சில்லறை வேலைகள். பெட்ரோல் விஷயம் அப்படியல்ல. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். மாசக்கணக்கில் டேங்க் நிறைய பெட்ரோலோடு நின்ற வண்டி என்றால் டேங்கைக் கழுவி, குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் சூடான இன்ஜின் என்பது விளையாட்டல்ல.

குடிதண்ணீரில் கார் கழுவுவதா?

‘வாராவாரம் கழுவித்தான் வைக்கிறோம்’ என்பார்கள். எந்தத் தண்ணீரில்? ராமநாதபுரம் மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வந்து உட்காரும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரோ காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வர வேண்டும், அல்லது காசு கொடுத்துக் குடத்தில் வாங்க வேண்டும். தெருவில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது ஒரு காருக்கு ஹோஸ் போட்டுக் குடிதண்ணீரைப் பீய்ச்சி அடிக்க யாருக்கு மனசு வரும்?

இந்தக் கரையில் வண்டியை நன்றாக வைத்திருப்பவர்களுக்கு உதவுவது மழைதான். மாடியில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்தால் மாசக்கணக்கில் உதவும். மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் முழுக்கச் சேர வேண்டிய இடம் அடிப்பகுதி. மருந்தடிக்கும் கைப்பம்பில் ஊற்றி அடியில் பீய்ச்சினால் இரண்டு வாளியில் வேலை முடியும். காய்ந்த பிறகு சேஸிஸ் பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த ஆயிலை ஸ்ப்ரே செய்துவிட வேண்டும். தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். காற்றோட்டமான ஷெட்டில், கடலுக்கு முதுகு காட்டும் சுவருக்குப் பின்னால் நிற்பதே மேல்.

விற்பவர்களே, இதையெல்லாம் நீங்கள் செய்திருந்தால் விளம்பரத்தில் ‘சூப்பர் கண்டிஷன்’ என்பதை எடுத்துவிட்டு அடிப்பகுதி போட்டோ நாலு போடுங்கள். வெல்டிங் செய்தபோது எடுத்த படம், பாகம் வாங்கிய பில், எந்த வருஷம் எதை மாற்றினோம் என்று எழுதிய நோட்டு எல்லாம் இருந்தால், பேரம் பேச வந்தவர் வாய் பாதியாகக் குறையும்.

பேப்பர் சரியா?

பழைய கார் வியாபாரத்தில் துருவைவிட அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உப்பில் அரித்து நம்பரே படிக்க முடியாத நிலையில் இருந்தால், விலை பேசும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

ஐம்பது வருஷத்தைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத கார்களை ‘வின்டேஜ்’ எனத் தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் வரலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரண ஆர்.சி.யை எஃப்.சி. காட்டிப் புதுப்பிப்பதே சரி. அந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் சமீப வருஷங்களில் நன்றாகவே ஏறியிருக்கிறது. இறக்குமதியான கார் என்றால் பல மடங்கு அதிகம். அந்தத் தொகையையும் காரின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது என்பதால் அதைக் கழற்றிவிட்டு, ‘ஒரிஜினல் கன்வர்ட்டிபிள் ஸ்போர்ட்ஸ்’ என்று விற்கும் வழக்கமும் உண்டு. பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால், ஆர்.சி.யில் ‘சலூன்’ என்று இருந்தால் அது அனுமதியில்லாத மாற்றம். வின்டேஜ் பதிவுக்கும் சிக்கல், இன்ஷூரன்ஸுக்கும் சிக்கல். கழற்றிய கூரை இன்னும் ஷெட்டில் கிடக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வண்டியோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததோடு விற்பவரின் பொறுப்பு முடியவில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாறும்வரை சட்டப்படி வண்டி பழைய ஓனருடையதே. விற்ற 14 நாட்களுக்குள் விற்பவர் தகவல் தர வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போனால் 45 நாட்கள். பெயர் மாற்றாமல் கை மாறிக்கொண்டே போன ஒரு காரால் நடந்த விபத்துக்கு, ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தாத்தா பெயரில் இருக்கும் வண்டி என்றால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு விற்பதே வம்பில்லாத வழி.

என்ன விலை கேட்கலாம்?

இதற்கு ஒரே நம்பர் கிடையாது. ஒரு கணக்கு மட்டும் சொல்லலாம். இன்ஜின் வேலை அளந்த வேலை. நல்ல மெக்கானிக் பார்த்தவுடன் இவ்வளவு ஆகும் என்பார். தகடு வேலை அப்படியல்ல. பிரிக்கப் பிரிக்க நீளும். அதனால் ஓடாத இன்ஜினும் திடமான சேஸிஸும் உள்ள வண்டி, இனிமையாக ஓடும் இன்ஜினும் அரித்த சேஸிஸும் உள்ள வண்டியைவிட மேலானது. விளம்பரம் எப்போதும் இதற்கு நேர்மாறாகத்தான் பேசும்.

பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் ஹெரால்டுக்கு அவ்வளவு வேண்டாம். தம்பி ஸ்பிட்ஃபயர் லட்சக்கணக்கில் விற்றதால் இரண்டுக்கும் பொதுவான பல பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். அனுப்பும் செலவும் சுங்கமும்தான் இடிக்கும். நாலு கதவு மார்க் த்ரீயின் பின் கதவு மாதிரி இந்தியாவில் மட்டுமே வந்த தகடுகளுக்கு அந்த வழியும் இல்லை. அவை நெளிந்தோ அரித்தோ இருந்தால் டிங்கர் கையால் தட்டித்தான் எடுக்க வேண்டும். வாங்கும் முன் நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் எப்படி இருக்கும் என்று கண் பழக வேண்டுமென்றால், கோவையில் ஜி.டி. கார் மியூசியத்துக்கோ சென்னையில் ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்துக்கோ ஒரு நடை போய் வரலாம். பிள்ளைகளுக்கும் பொழுதுபோகும்.

எல்லாம் பிடித்துப்போய் டெஸ்ட் டிரைவ் என்று வந்தால், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். முதல் கியரை வண்டி முழுக்க நின்ற பிறகே போடுங்கள், ஹெரால்டில் அது அப்படித்தான். மண்டபத்தைத் தாண்டி சாலைப் பாலத்தில் ஏறியதும் பக்கவாட்டுக் காற்று அடிக்கும். ஸ்டீயரிங் நேராகப் பிடிக்கிறதா, கை தளர்ந்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். நேரம் இருந்தால் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைவரை போகலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவே கறுப்பு ரோடு, ரோட்டின் மேல் ஊர்ந்து வரும் மணல். முனையில் போய் ஒரே மூச்சில் ஹெரால்டைத் திருப்பிப் பாருங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். திரும்பி வந்ததும், விலை பேச உட்காரும் முன்னால், அடியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். வண்டி இன்னும் உங்களுடையது இல்லைதான், பரவாயில்லை.